விபிஎன் கனெக்ட் ஆகவில்லையா? அவசரத்தில் செய்யக்கூடாதவை

விபிஎன் (இணையம் வழியே அலுவலக நெட்வொர்க் போன்ற இடத்துக்குப் போகும் பூட்டிய தனிப்பாதை) இணைப்பு கிடைக்கவில்லை என்றதும் பலர் முதலில் செய்வது, ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. அதனால் சரியாவது அரிது. பழைய ஆப்போடு லாக் (நடந்ததை ஆப் எழுதிவைக்கும் பதிவு) போய்விடும், சில நேரம் கன்ஃபிக் ஃபைலும் (இணைப்பு விவரங்கள் உள்ள ஃபைல்) சான்றிதழும் (அடையாளத்தைக் காட்டும் டிஜிட்டல் ஆவணம்) சேர்ந்து போய்விடும். அப்புறம் அலுவலக ஐடி ஆளைக் கூப்பிட்டால், "என்ன எர்ரர் வந்துச்சு?" என்ற அவருடைய முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

"கனெக்ட் ஆகலை" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் பல வேறு கோளாறுகள். சர்வரின் பெயருக்கு ஐபி முகவரியே கிடைக்காமல் நிற்கலாம். முகவரி கிடைத்தும் பாக்கெட் (டேட்டா பயணிக்கும் சிறு பொட்டலம்) சர்வரைப் போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்த பிறகு சர்வர் உங்களை ஏற்க மறுக்கலாம். எல்லாம் முடிந்து டனல் (உங்களுக்கும் சர்வருக்கும் நடுவே விபிஎன் போடும் பாதை) உருவாகி, உள்ளே டேட்டா மட்டும் ஓடாமல் இருக்கலாம். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் செட்டிங்ஸில் கைவைப்பதுதான் அடிப்படைத் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்து கிளம்புபவை.

கட்டத்தைக் கண்டுபிடிக்க லாக்கின் கடைசி சில வரிகளே போதும். ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருளின் லாக்கில் 'டிஎல்எஸ் கீ நெகோஷியேஷன்' (இரு பக்கமும் பாதுகாப்புச் சாவிகளை ஒத்துக்கொள்வது) 60 விநாடிக்குள் நடக்கவில்லை என்று இருந்தால், உங்களுக்கும் சர்வருக்கும் நடுவே பேச்சே முழுமையாக நடக்கவில்லை என்று பொருள். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் கட்டத்துக்கே போகவில்லை. ஆனால் இந்த வரியைப் பார்த்துவிட்டுப் பாஸ்வேர்டை ரீசெட் செய்பவர்கள் நிறைய. மாறாக 'ஆத் ஃபெயில்டு' (அடையாளச் சரிபார்ப்பு தோல்வி) என்று வந்தால் நெட்வொர்க் நன்றாகவே இருக்கிறது; ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பயன் இல்லை. அங்கே தவறான பாஸ்வேர்டை மறுபடி மறுபடி அடித்தால் கணக்கே பூட்டிக்கொள்ளலாம்.

விண்டோஸிலேயே இருக்கும் விபிஎன் என்றால் எர்ரர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 868 என்றால் சர்வரின் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. 809 என்றால் சர்வரிடமிருந்து பதில் இல்லை. பெரும்பாலும் நடுவில் ஒரு ஃபயர்வால் யுடிபி 500, 4500 போர்ட்டுகளைத் தடுக்கிறது (யுடிபி என்பது டேட்டா அனுப்பும் ஒரு முறை, போர்ட் என்பது அதற்கான எண்ணிட்ட வாசல்). 691 என்றால் பயனர் பெயர் அல்லது பாஸ்வேர்டு. 13801 என்றால் சான்றிதழ் பக்கம் பாருங்கள். நாலு எண்ணுக்கும் வைத்தியம் வேறு வேறு.

"பிரவுசரில் எல்லாம் திறக்கிறது, அதனால் நெட் சரிதான்" என்று முடிவுகட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. பிரவுசர் பெரும்பாலும் 443 போர்ட்டில் போகிறது. அதை யாரும் மூடுவதில்லை. ஓப்பன்விபிஎன்னின் வழக்கமான போர்ட் யுடிபி 1194, வயர்கார்டு என்ற இன்னொரு விபிஎன்னில் வழக்கமாக வைப்பது யுடிபி 51820. ஹோட்டல், கல்லூரி வைஃபைகளில் இவை மூடியிருப்பது சகஜம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதில் கனெக்ட் ஆனால், கோளாறு உங்கள் லேப்டாப்பில் இல்லை, அந்த வைஃபையில். ஓப்பன்விபிஎன் சர்வர் டிசிபி (தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் முறை) 443-லும் இணைப்பை ஏற்கிறது என்றால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றியதை அப்படியே விட்டுவிடாதீர்கள். டிசிபிக்குள் டிசிபி ஓடும்போது, ஒரு பாக்கெட் தொலைந்தாலும் இரண்டு அடுக்குகளும் மறுபடி அனுப்ப முயலும்; மோசமான நெட்டில் வேகம் பாதாளத்துக்குப் போகும். வீட்டுக்கு வந்ததும் யுடிபிக்குத் திரும்பிவிடுங்கள்.

ஏர்போர்ட், ஹோட்டல் வைஃபையில் இன்னொன்று: முதலில் அவர்களுடைய லாகின் பக்கத்தைத் தாண்ட வேண்டும். விபிஎன்னின் கில் சுவிட்ச் (விபிஎன் இல்லாதபோது நெட்டையே தடுக்கும் வசதி) போட்டிருந்தால் அந்தப் பக்கமே திறக்காது. அதை நிறுத்தி, லாகின் செய்து, மறுபடி போட வேண்டும்.

வயர்கார்டு பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தன் தோல்வியைச் சொல்லவே சொல்லாது. ஆப்பில் பட்டனைத் தட்டியதும் 'ஆக்டிவ்' என்று பச்சையாகக் காட்டும். அது கனெக்ட் ஆனதற்கு அடையாளம் இல்லை. உங்கள் கருவியில் டனல் தயார் என்பது மட்டும்தான். பார்க்க வேண்டியது 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' (இரு பக்கமும் கடைசியாக அறிமுகம் செய்துகொண்ட நேரம்) என்ற வரியை. அது இல்லாமல், அனுப்பிய டேட்டா மட்டும் ஏறிக்கொண்டே போய், பெற்றது பூஜ்யமாகவே நின்றால், சர்வர் பதில் சொல்லவில்லை. சாவி (கருவியை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடர்) தவறு, போர்ட் தவறு, சர்வரே அணைந்திருக்கிறது: எல்லாம் வெளியிலிருந்து ஒரே மாதிரித்தான் தெரியும். தெரியாத சாவியோடு வருகிறவருக்கு வயர்கார்டு ஒரு பைட் கூடப் பதில் அனுப்பாது. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இதில் அதிகம் நடக்கும் தவறு, ஒரே கன்ஃபிக் ஃபைலை போனிலும் லேப்டாப்பிலும் போடுவது. சர்வர் ஒரு பொதுச் சாவிக்கு (கன்ஃபிக்கில் உள்ள ரகசியச் சாவியின் ஜோடி) ஒரு முகவரியைத்தான் நினைவில் வைக்கும். கடைசியாகப் பேசிய கருவிக்கே பதில் போகும். போன் பேசினால் லேப்டாப் தொங்கும், லேப்டாப் பேசினால் போன் தொங்கும். தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் நன்றாக வேலை செய்வதால் காரணம் லேசில் பிடிபடாது. கருவிக்கு ஒரு சாவி, அவ்வளவுதான்.

இன்னொன்று கடிகாரம். வயர்கார்டின் ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் நேரம் இருக்கும். முன்பு பார்த்ததைவிடப் பிந்திய நேரம் இருந்தால்தான் சர்வர் ஏற்கும். உங்கள் கருவியின் தேதி தவறுதலாக அடுத்த மாதத்தில் இருந்தபோது ஒருமுறை கனெக்ட் ஆகிவிட்டது என்று வையுங்கள். பிறகு தேதியைச் சரியாக்கினால், அதுவே புதுச் சிக்கல்: அடுத்த மாதம் வரும் வரை சர்வர் உங்களைச் சத்தமில்லாமல் ஒதுக்கும். சர்வர் பக்கம் உங்கள் சாவியை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகும். ராஸ்பெர்ரி பை 4 போல, கடிகாரத்துக்கென்று பேட்டரி இல்லாத போர்டுகளில் நேரக் கோளாறை முதலில் சந்தேகப்படலாம். ஓப்பன்விபிஎன்னிலும் தேதி பின்னால் போயிருந்தால் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று நிற்கும். பழைய டெஸ்க்டாப்பில் இதற்குக் காரணம் பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் சிறிய சிஆர்2032 பேட்டரி.

கனெக்ட் ஆகியும் வேலை செய்யவில்லை என்றால் சர்வர் மேல் பழி போடாதீர்கள். பிங் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன, பெரிய ஃபைல் மட்டும் பாதியில் உறைகிறது என்றால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பிரச்சினையாக இருக்கலாம். சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகும், பிபிபிஓஇ (சில பிராட்பேண்ட் இணைப்புகளில் உள்ள லாகின் முறை) இணைப்பில் 1492. விபிஎன் தன் உறையையும் மேலே சேர்ப்பதால் உள்ளே இடம் குறைகிறது. வயர்கார்டு வழக்கமாக 1420 எடுத்துக்கொள்ளும். சோதனைக்கு 1280 வைத்துப் பாருங்கள். உறைவது நின்றால் காரணம் அதுதான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம்.

அலுவலக சர்வர் ஐபியில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை). ஐபியிலும் திறக்கவில்லை, வீட்டு ரவுட்டரும் அலுவலகமும் இரண்டுமே 192.168.1 என்ற வரிசையில் இருக்கின்றன என்றால், லேப்டாப் அந்த முகவரியை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். வீட்டு ரவுட்டரின் வரிசையை மாற்றுங்கள். இரண்டு விபிஎன் ஆப்களை ஒன்றாக ஓட விடாதீர்கள்.

கோளாறு உங்களிடம்தான் என்று நம்பிவிடுவதும் தவறுதான். 2022 ஜனவரி 11 அன்று வந்த விண்டோஸ் 10, 11 அப்டேட்டுகள் எல்2டிபி என்ற வகை விபிஎன் இணைப்புகளை உடைத்தன. திருத்தம் ஜனவரி 17 அன்று வந்தது. நடுவில் இருந்த நாட்களில் புரொஃபைலை எத்தனை முறை புதிதாக உருவாக்கினாலும் பயன் இருந்திருக்காது. பக்கத்து சீட்காரருக்கும் இதே நிலையா என்று கேட்பது ஒரு நிமிட வேலை.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. ஃபயர்வாலையும் ஆன்டிவைரஸையும் மொத்தமாக அணைத்து 'டெஸ்ட்' செய்துவிட்டு, திருப்பிப் போட மறந்துவிடுகிறார்கள். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் படிக்காமல் 'ஆம்' தட்டுகிறார்கள். அந்த எச்சரிக்கை, எதிரே இருப்பது உங்கள் சர்வரே இல்லாமல் இருக்கலாம் என்கிறது. அவசரத்துக்கு முன்பின் தெரியாத இலவச விபிஎன் ஆப்பைப் போட்டு, தன் போக்குவரத்து முழுவதையும் அதை நடத்துகிறவர் கையில் கொடுக்கிறார்கள்.

இன்னும் மோசம், உதவி கேட்கும் அவசரத்தில் கன்ஃபிக் ஃபைலையே வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. அதில் 'பிரைவேட் கீ' (உங்கள் ரகசியச் சாவி) என்ற வரி இருக்கிறது. அது கிடைத்தவர் நீங்களாகவே உள்ளே நுழையலாம். உதவி செய்பவருக்கு வேண்டியது எர்ரர் எண், நடந்த நேரம், எந்த நெட்டில் இருந்தீர்கள், லாக்கின் கடைசி வரிகள். இவை போதும். ஏற்கெனவே ஃபைலைப் போட்டுவிட்டீர்கள் என்றால் மெசேஜை அழிப்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்குள் யார் இறக்கி வைத்தார்கள் என்று தெரியாது. ஐடி ஆளிடம் விஷயத்தைச் சொல்லி, பழைய சாவியை சர்வரிலிருந்து நீக்கிப் புதியது தரச் சொல்லுங்கள்.