பனானா ஷையரை எழுத வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

ஆஸ்திரேலியக் கிராமப்புற ஷையர் (தனி மன்றமுள்ள உள்ளாட்சிப் பகுதி) ஒன்றின் உள்ளாட்சி, மக்கள் விவரங்களைத் தொகுக்கப் புதிதாக வருபவர்கள் கூட்டல் கழித்தலில் தவறுவதில்லை. அந்த எண் எந்த எல்லைக்குள் எண்ணப்பட்டது என்று கேட்பதில்லை, அவ்வளவுதான். மத்திய குயின்ஸ்லாந்தின் பனானா ஷையரை எடுத்துக்கொள்வோம். சறுக்குவதற்கு வேண்டிய அத்தனையும் இங்கேயே உண்டு.

வாழைப்பழப் படம்

போடாதீர்கள். பனானா என்பது ஓர் எருதின் பெயர்.

ஒரே பெயர், மூன்று இடங்கள்

பனானா என்பது சில நூறு பேர் வாழும் சிற்றூர். ஆஸ்திரேலியப் புள்ளியியல் பணியகம் கணக்கெடுப்புக்காக வகுத்திருக்கும் எஸ்ஏ2 என்ற பகுதி ஒன்றுக்கும் அதே பெயர். சுமார் 28,500 சதுர கிலோமீட்டர் பரந்த ஷையருக்கும் அதே பெயர். ஷையர் மன்றத்தின் தலைமையிடமோ பிலோயீலாவில் இருக்கிறது. பிலோயீலா தனி எஸ்ஏ2. பனானா எஸ்ஏ2 அட்டவணையை இறக்கி, மேலே 'ஷையர்' என்று தலைப்பிட்டால் தலைமையிடமே கணக்கில் வராது. எல்ஜிஏ (உள்ளாட்சிப் பகுதி) என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். 2021 கணக்கெடுப்பில் ஷையரின் மக்கள்தொகை ஏறக்குறைய 14,500. கையிலுள்ள எண் அதன் பக்கத்தில்கூட வராவிட்டால் அட்டவணை மாறிப்போயிருக்கிறது.

2008-ஐத் தாண்டி ஒப்பிடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வரும் தவறு இது.

2008 மார்ச் 15 அன்று குயின்ஸ்லாந்தின் 157 மன்றங்கள் 73 ஆகச் சுருங்கின. அதில் டரூம் ஷையர் கலைக்கப்பட்டது. அதன் வடபகுதி டரூம் நகரோடு பனானாவுக்கு வந்தது. தென்பகுதி வாண்டோவனோடு டால்பி மன்றத்தின் பக்கம் போனது. இன்று அந்த மன்றத்தின் பெயர் வெஸ்டர்ன் டவுன்ஸ். ஆக, 2006 கணக்கெடுப்பின் பனானா வேறு, 2011-இன் பனானா வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்து வளர்ச்சி விகிதம் போட்டால் ஷையர் திடீரென்று பெருத்ததாகத் தெரியும். ஷையருக்குள் இருக்கும் மௌராவில் நிலக்கரி இருக்கிறதா, உடனே 'சுரங்க வேலை மக்களை ஈர்த்தது' என்று காரணமும் எழுதிவிடுவார்கள். எரிச்சலே இங்கேதான்: காரணம் நம்பும்படி இருப்பதால் எண்ணை யாரும் சோதிப்பதில்லை. டரூம்காரர்கள் எங்கும் குடிபெயரவில்லை. கோடுதான் இடம் மாறியது. அந்தப் பொய் வளர்ச்சியை வைத்து வீட்டுத் தேவை, குழந்தைகள் காப்பக இடங்கள், குடிநீர் நிலையத்தின் கொள்ளளவு என்று அடுத்த பத்தாண்டுக்குக் கணக்குப் போடும்போதுதான் பணம் வீணாகிறது.

2011, 2016, 2021 மூன்றும் போதுமென்றால் 2021 கணக்கெடுப்பின் காலத்தொடர் அட்டவணையை எடுங்கள். மூன்றும் 2021 எல்லையிலேயே கிடைக்கும். ஆண்டுவாரியாக வேண்டுமென்றால் மதிப்பிடப்பட்ட குடியிருப்போர் எண்ணிக்கை 2001 முதல் இன்றைய எல்லைக்கே இருக்கிறது. ஆனால் அது ஜூன் 30-க்கானது, கணக்கெடுப்பில் விடுபட்டவர்களையும் சேர்த்தது. ஆகஸ்ட் கணக்கெடுப்பு எண்ணோடு ஒரே வரிசையில் வைக்காதீர்கள்.

2006-இன் தொழில், மொழி விவரங்கள்தான் வேண்டுமென்றால் குறுக்கு வழி இல்லை. அன்றைய கணக்கெடுப்பு வட்டாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, புதிய எல்லைக்குள் விழுபவற்றை மட்டும் கூட்ட வேண்டும். டரூமைப் பாதியாக வெட்டுவதும் பரப்பளவு விகிதத்தில் பிரிப்பதும் உதவாது. மாட்டுப் பண்ணைகள் மைல்கணக்கில் கிடக்க, மக்கள் நகரத்தில் இருக்கிறார்கள். எல்லைமேல் விழும் வட்டாரத்தைக் குடியிருப்புகளின் எண்ணிக்கைப்படி பிரியுங்கள். எந்த ஆண்டின் எல்லை என்று அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாத அட்டவணையை வாங்கவே கூடாது.

ஒப்பீட்டுக்கு எடுக்கும் ஷையர்களையும் பாருங்கள். நூசா, லிவிங்ஸ்டன், மரீபா, டக்ளஸ் நான்கும் 2008-இல் இணைக்கப்பட்டு, 2014 ஜனவரி 1-இல் மறுபடி தனியாகப் பிரிந்தவை.

யாருடைய வேலை

ஷையரை 'மாவட்டம்' என்று மொழிபெயர்த்தால் வாசகர் மனதில் கலெக்டர் வந்து உட்கார்ந்துவிடுவார். மருத்துவமனை, காவல், அரசுப் பள்ளி எல்லாம் மாநில அரசுடையவை. மன்றத்துக்கு உள்ளூர்ச் சாலை, குப்பை, கட்டட அனுமதி, நூலகம். குயின்ஸ்லாந்துக் கிராமப்புறங்களில் குடிநீரும் கழிவுநீரும்கூட மன்றத்தின் வேலைதான். விக்டோரியாவில் அதைத் தனி நீர்க் கழகங்கள் பார்க்கின்றன. அங்கிருந்து வாசகத்தை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். டாசன், லைக்கார்ட் நெடுஞ்சாலைகள் மாநிலத்துடையவை. அவற்றின் பள்ளங்களை மன்றத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

சின்ன எண்கள்

2018-இல் பிலோயீலாவிலிருந்து குடிவரவுத் தடுப்புக்காவலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 2022-இல் திரும்பிய தமிழ்க் குடும்பத்தால் அந்த ஊர்ப் பெயர் நமக்குத் தெரியும். அதனாலேயே 'ஷையரில் தமிழர் எத்தனை' என்று தேடத் தோன்றும். பிறந்த நாடு, வீட்டு மொழி, வம்சாவளி மூன்றும் வெவ்வேறு கேள்விகள். மூன்றுக்கும் விடை ஒன்றாக இருக்காது. போதாததற்கு, தனிநபர் அடையாளம் தெரியாதிருக்கச் சிறு எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றித்தான் வெளியிடுகிறார்கள். 3, 4 என்று வருவதை நம்பி வாக்கியம் எழுதாதீர்கள், சதவீதமும் போடாதீர்கள். சிறு கட்டங்களைக் கூட்டி மொத்தம் காண்பதும் வேண்டாம். மொத்தத்தைத் தனியாகவே எடுங்கள்.

சுரங்க முறைவேலையாட்கள்

முறை வைத்துச் சில நாள் இங்கே தங்கி வேலை செய்துவிட்டு ஊர் திரும்புபவர்கள் இவர்கள். வழக்கமான வசிப்பிடக் கணக்கில் இவர்கள் சொந்த ஊரில் எண்ணப்படுகிறார்கள். தண்ணீரும் சாலையும் இங்கே பயன்படுத்துகிறார்கள். பனானாவும் அடங்கும் நிலக்கரிப் பகுதியான போவன் படுகைக்கு மாநிலப் புள்ளியியல் அலுவலகம் வெளியிடும் முழுநேர இணை மக்கள்தொகையையும் (குடியிருப்போரோடு, வந்து தங்கும் வேலையாட்களையும் கூட்டியது) சேர்த்துக் காட்டுங்கள்.

சீஃபா குறியீடு

பகுதிகளின் சமூகப் பொருளாதார நிலையைக் காட்டும் இது வரிசை; அளவு அல்ல. 2016-ஐயும் 2021-ஐயும் கழித்துப் பார்க்காதீர்கள்.

வூராபிண்டா

பக்கத்தில் தனி மன்றமுள்ள பழங்குடி ஷையர். பனானாவோடு சேர்க்காதீர்கள்.