டீசல் சிக்கனம்: பேருந்துப் பணிமனைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளின் கட்டணம் உயர்த்தப்பட்டபோது, சென்னையில் ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 65 ரூபாய்க்கு விற்றது. அதன் பிறகு பல ஆண்டுகள் கட்டணம் அப்படியே இருக்க, டீசல் விலை மட்டும் 90 ரூபாயைத் தாண்டிச் சென்றது. இந்த இடைவெளியை அடைக்கப் போக்குவரத்துக் கழகங்களின் பணிமனைகளில் எல்லோரும் பற்றிக்கொள்ளும் எண் ஒன்று உண்டு. அதுதான் 'கே.எம்.பி.எல்.', அதாவது ஒரு லிட்டருக்கு வண்டி ஓடும் கிலோமீட்டர். நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் ஓடும் புறநகர்ப் பேருந்து லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தால் 80 லிட்டர் குடிக்கும். அதுவே ஐந்தரை கொடுத்தால் 73 லிட்டருக்குள் முடிந்துவிடும். லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் கூடினாலே ஒரு வண்டிக்கு ஒரு நாளில் 600 ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது. இவ்வளவு பெறுமானமுள்ள எண்ணைக் கவனிப்பதில் தவறே இல்லை. அதை எப்படிக் கவனிக்கிறோம் என்பதில்தான் தவறுகள் நேர்கின்றன.

முதலாவதும் பெரியதுமான தவறு, டீசல் முழுவதும் ஓட்டுநரின் காலடியில்தான் செலவாகிறது என்று நினைப்பது. மாத முடிவில் கே.எம்.பி.எல். குறைந்தால் ஓட்டுநரை அழைத்து விளக்கம் கேட்பது எளிது. அவர் ஓட்டிய வண்டியின் சக்கரம் கையால் தள்ளினால் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்ப்பதற்கு ஆளும் நேரமும் வேண்டும். பிரேக் முழுதாக விடுபடாமல் டிரம்மை உரசிக்கொண்டிருந்தால், எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராக இருந்தாலும் அந்த வண்டியில் டீசலை மிச்சப்படுத்த முடியாது. ஒரு நடை முடிந்து வந்ததும் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், மற்றவற்றைவிட ஒன்று மட்டும் கொதிப்பது தெரியும். அந்தச் சூடு வீணாய்ப் போன டீசல் அல்லாமல் வேறில்லை. அடைத்துப்போன ஏர் ஃபில்டர், தேய்ந்து வழுக்கும் கிளட்ச், இன்ஜினுக்குள் டீசலைச் சரியாகத் தூவாத நாசில், காற்றுக் குறைந்த டயர் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. பின்சக்கரங்களில் இரட்டை டயர்கள் இருப்பதால், உள்பக்க டயரில் காற்று இறங்கியிருப்பது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் 'சரியாக இருக்கிறது' என்று எழுதுவதும், அழுத்தமானியை வைத்து அளப்பதும் ஒன்றாகா.

பேருந்து நிலையங்களில் இன்ஜினை அணைக்காமல் நிறுத்தி வைப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நின்ற நிலையில் ஓடும் பேருந்து இன்ஜின் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டரோ அதற்கு மேலோ எரித்துவிடும் என்பதால், அதைத் தவிர்க்கச் சொல்வது நியாயம்தான். ஆனால், ஓட்டுநர் ஏன் அணைக்கவில்லை என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. பேட்டரி பலவீனமாக இருந்தால், அல்லது இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் எப்போது மக்கர் செய்யும் என்று தெரியாத நிலையில் இருந்தால், ஐம்பது பயணிகளை வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளச் சொல்லும் அவமானத்துக்கு அஞ்சி அவர் இன்ஜினை ஓடவிடுகிறார். இன்னொரு காரணமும் உண்டு. பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குகிறது. குழாயிலோ இணைப்பிலோ கசிவு இருந்தால், இன்ஜினை அணைத்த பத்து நிமிடத்தில் அழுத்தம் இறங்கிவிடும். மறுபடி வண்டியை எடுக்கும் முன் அழுத்தம் ஏறும்வரை இன்ஜினை உறுமவிட்டுக் காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட வண்டியில் 'இன்ஜினை அணைக்கவும்' என்று அறிவிப்பு ஒட்டுவதால் என்ன பயன்? ஒரு பேட்டரியும் காற்றுக் கசிவை அடைக்கும் ஓர் இணைப்பும் அந்த அறிவிப்பைவிட அதிக டீசலைக் காப்பாற்றும். அதே வேளையில், நெடுந்தூரம் வேகமாக ஓடி வந்த டர்போ இன்ஜினை (புகையின் விசையால் சுழன்று கூடுதல் காற்றைச் செலுத்தும் 'டர்போ' பொருத்தியது) நிறுத்தியவுடன் அணைத்துவிடாமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைப்பது அவசியம். அந்த ஓரிரு நிமிடத்தை வீண் என்று கருதினால், டர்போவை மாற்றும் செலவில் பல மாதச் சிக்கனம் கரைந்துவிடும்.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று இன்னும் சிலரிடம் நம்பிக்கையாகவே நிலைத்திருக்கிறது. இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருளவிட்டால் டீசல் மிச்சமாகும் என்பதே அது. இன்றைய இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுவதால் டீசல் உள்ளே செல்வது நின்றுவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் தன் சுழற்சியைக் காத்துக்கொள்ள டீசலை எரித்தே ஆக வேண்டும். ஆகவே மிச்சம் என்று நினைத்துச் செய்வது செலவாகவே முடிகிறது. இன்ஜினையே அணைத்து உருளவிடுவது இதைவிடக் கொடியது. பிரேக்குக்குக் காற்றழுத்தம் தரும் கம்பிரசரும் பவர் ஸ்டீயரிங்கும் நின்றுபோன நிலையில், 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையிலோ நீலகிரி மலைப்பாதையிலோ வண்டி இறங்குவதை நினைத்துப் பார்க்கவே நெஞ்சு பதறுகிறது. இப்படி ஓட்டிக் கே.எம்.பி.எல். கூட்டிக் காட்டிய ஒருவரை எந்தப் பணிமனையும் பாராட்டக் கூடாது.

ஓட்டும் முறையில் உண்மையிலேயே திருத்த வேண்டியவையும் இருக்கின்றன. கிளட்ச் மிதியின் மேல் காலை வைத்தபடியே ஓட்டுவது, ஏற்றத்தில் வண்டியை அரைக் கிளட்சில் தாங்கி நிறுத்துவது, நிறுத்தம் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் வேகத்தைக் குறைக்காமல் கடைசி நொடியில் பிரேக்கை மிதிப்பது ஆகியவை அவை. வேகத்தைப் பொறுத்தவரை, காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 80க்குப் போகும்போது அந்த எதிர்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. ஆனால் பயண நேரத்தை அட்டவணையில் இறுக்கிப் பிடித்து எழுதிவிட்டு, 'மெதுவாக ஓட்டி டீசலை மிச்சப்படுத்துங்கள்' என்று அதே ஓட்டுநரிடம் சொல்வது ஒன்றுக்கொன்று முரணானது. நேரத்தைக் கணிப்பவரும் டீசலைக் கணக்கிடுபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடிய சிக்கல் இது.

ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். திருச்சியிலிருந்து சென்னைக்கு நான்கு வழிச் சாலையில் ஓடும் வண்டியையும், சென்னை நகருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டியையும், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் வண்டியையும் ஒரே இலக்கால் அளக்கக் கூடாது. ஒவ்வொரு வழித்தடத்துக்கும், அதில் ஓடும் வண்டியின் வயதுக்கும் ஏற்ற தனி இலக்கு வேண்டும். டீசல் நிரப்பும்போது ஒரு நாள் தொட்டியின் கழுத்துவரையும், மறுநாள் அதற்குச் சற்றுக் குறைவாகவும் நிரப்பினால் அந்த இரண்டு நாள் கணக்கும் பொய்யாகும். ஒரு நாள் எண்ணை வைத்து யாரையும் புகழவோ பழிக்கவோ வேண்டாம். ஒரு மாதச் சராசரியாவது வேண்டும்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் மிஞ்சி நிற்கும் ஒரு தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. டீசல் விலை ஏறும்போதெல்லாம் வசூல் குறைந்த நடைகளை நிறுத்துவதைச் சிக்கனம் என்று எண்ணிவிடுகிறார்கள். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பேருந்தில் 50 பேர் இருந்தால், ஒரு லிட்டர் டீசல் 250 பேரை ஒரு கிலோமீட்டர் தூரம் கொண்டு செல்கிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் இருசக்கர வாகனத்தில் ஒருவர் தனியே சென்றால், அதே அளவு பெட்ரோலில் 50 பேர்தான். 15 கிலோமீட்டர் கொடுக்கும் காரில் ஒருவர் சென்றால் வெறும் 15 பேர். எனவே, வண்டியின் கே.எம்.பி.எல். எவ்வளவு என்பதைவிட அதில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதே ஊரின் எரிபொருள் செலவைத் தீர்மானிக்கிறது. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, அதனால் கழகங்களுக்கு ஆகும் செலவைப் பற்றியே அதிகம் பேசப்பட்டது. இருக்கைகள் நிரம்புவது எரிபொருளைப் பொறுத்தவரை ஆதாயம் என்பது அந்தப் பேச்சில் அதிகம் இடம்பெறவில்லை. கிராமத்துக்கு இரவு வரும் கடைசிப் பேருந்தை நிறுத்தினால், கழகத்தின் கணக்கில் சில லிட்டர் டீசல் மிச்சமாகத் தெரியும். ஆனால் அந்தப் பேருந்தை நம்பி வேலைக்குச் சென்றவர் கடன் வாங்கி வண்டி வாங்குவார். பிறகு காலையிலும் அவர் பேருந்துக்கு வரமாட்டார். காலி இருக்கையுடன் ஓடத் தொடங்கும் அந்தக் காலை நடைதான் அடுத்த ஆண்டு நிறுத்தப்படும் நடைகளின் பட்டியலில் முதலில் இருக்கும்.