திரித்துவத்தை ஜெபத்தின் வழியாகக் கற்பது எப்படி?

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவராக ஒரே தேவன் இருக்கிறார் என்ற திரித்துவத்தை அறிய விரும்புகிற விசுவாசிகளில் பலர் 'மூன்று எப்படி ஒன்றாகும்?' என்ற கணக்கில் தொடங்கி, அங்கேயே களைத்துப்போகிறார்கள். அந்தக் கேள்வியைச் சற்றே ஒதுக்கிவைத்து, மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறுகையில் ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார். பிதாவின் சத்தம் வானத்திலிருந்து அவரை நேசகுமாரன் என்று அழைக்கிறது. பேசுகிறவர் யார், அழைக்கப்படுகிறவர் யார், இறங்குகிறவர் யார் என்று நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். மூவரும் ஒரே வேளையில் அங்கே இருக்கிறார்கள்.

பிறகு மத்தேயு 28:19-க்கு வாருங்கள். 'பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே' என்று மூவரைச் சொல்லும் அந்த வசனத்தில் நாமம் ஒருமையில் நிற்கிறது. கர்த்தர் ஒருவரே என்று முழங்குகிற உபாகமம் 6:4-ஐ அதன் அருகில் வைத்து வாசியுங்கள். இவ்விரண்டில் எதையும் கைவிடாதிருப்பதே இந்த உபதேசத்தின் அடிப்படை ஒழுங்கு.

இங்கே உவமைகளைக் குறித்து ஓர் எச்சரிக்கை அவசியம். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற விளக்கம் எளிதாக மனதில் பதியும். ஆனால் ஒரே தேவன் வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு வடிவம் எடுக்கிறார் என்ற, திருச்சபை மறுத்த, மூன்றாம் நூற்றாண்டுப் போதகர் சபேல்லியுவின் போதனைக்கே அது நம்மைக் கொண்டுபோய்விடும். ஓடு, வெண்கரு, மஞ்சள்கரு என்று முட்டையைக் காட்டினாலோ, பிதாவும் குமாரனும் ஆவியானவரும் தேவனின் பாகங்களாகிவிடுவார்கள். குழந்தைகளுக்குக் கற்பிப்பவர்கள் உவமையைத் தேடுவதைவிட யோர்தான் நிகழ்ச்சியைச் சொல்வதே மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குமாரன் படைக்கப்பட்டவர் என்று அலெக்சந்திரியாவின் குருவான ஆரியு போதித்தபோது, 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், குமாரன் பிதாவோடு ஒரே சாரமுடையவர், அதாவது பிதா எதுவோ அதுவே அவரும் என்று அறிக்கையிட்டது. இது வெறும் சொற்போர் அன்று. படைக்கப்பட்ட ஒருவரால் நம்மைத் தேவனோடு இணைக்க முடியாது என்பதே நிசேயாவின் அறிக்கைக்காகப் போராடிய ஆயர் அத்தனாசியுவின் வாதமாக இருந்தது. 381-இல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தோடு இணைந்த விசுவாசப்பிரமாணம், பிதாவோடும் குமாரனோடும் கூட வணங்கப்படுகிறவர் என்று ஆவியானவரைச் சொல்கிறது. ஆராதனையில் யாரைத் தொழுகிறோம் என்பதிலிருந்தே உபதேசம் தெளிவடைந்ததை இதில் காணலாம்.

ஆகவே ஜெபத்தையே பயிற்சிக்களமாக்கிக்கொள்ளுங்கள். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியு 'குமாரன் வழியாக, ஆவியில், பிதாவுக்கு மகிமை' என்றும், 'குமாரனோடும் ஆவியோடும் பிதாவுக்கு மகிமை' என்றும் இரு விதமாக ஜெபித்தார். அதற்காகக் குறைகூறப்பட்டபோது, இரண்டும் தகுந்தவையே என்று விரிவாக எழுதினார். முதல் வாக்கியம் நாம் தேவனிடம் சேரும் வழியைக் காட்டுகிறது. இரண்டாவது, மூவருக்கும் உரிய சமமான கனத்தைக் காட்டுகிறது. இரண்டையும் உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லிப் பழகுங்கள்.

ஜெபிக்க வார்த்தை வராத நாளில் ரோமர் எட்டாம் அதிகாரத்தைத் திறந்துவையுங்கள். ஆவியானவர் நம் பலவீனத்தில் உதவி செய்கிறார், கிறிஸ்து தேவனுடைய வலதுபாரிசத்தில் நமக்காகப் பரிந்து பேசுகிறார், நாம் 'அப்பா, பிதாவே' என்று கூப்பிடுகிறோம் என்று அந்த ஒரே அதிகாரம் சொல்கிறது. தொலைவிலிருக்கும் தேவனை நம் முயற்சியால் எட்டிப்பிடிப்பதாக எண்ணியிருந்த ஜெபம், நமக்கு முன்பே நடந்துகொண்டிருக்கிற ஓர் உரையாடலுக்குள் நாம் சேர்த்துக்கொள்ளப்படுவதே என்று அப்போது விளங்கும்.

இந்தப் பழக்கம் சற்று வேரூன்றிய பின், யோவான் 17:24-ஐயும் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்ற 1 யோவான் 4:8-ஐயும் சேர்த்துத் தியானியுங்கள். உலகத் தோற்றத்திற்கு முன்பே பிதா தம் குமாரனாகிய தன்மேல் அன்பாயிருந்தார் என்று யோவான் 17:24-இல் இயேசு சொல்கிறார். அன்புசெய்ய ஒருவர் வேண்டுமென்ற குறையினால் தேவன் நம்மைப் படைக்கவில்லை, நிறைவிலிருந்தே படைத்தார். அந்த வசனங்களை வாசித்து முடித்ததும் உடனே எழுந்துவிடாமல், பிதாவை அப்பா என்று ஒருமுறை அழைத்து, சிறிது நேரம் அமைதியாக அமர்ந்திருங்கள்.