கையும் ஸ்க்ரீனும் ஒரே பீரியட்ல: எது முன்னாடி, எது பின்னாடி

ஸ்மார்ட் போர்டு, டேப் (டேப்லெட்) எல்லாம் கிளாஸுக்குள்ள வந்தப்புறம் நிறைய டீச்சர்ஸ் எக்ஸ்பெரிமென்ட்டையே வீடியோவா போட்டு முடிச்சிடறாங்க, பசங்களும் பார்த்துட்டு தலையாட்டிட்டு போயிடறாங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டா ஒண்ணும் மனசுல நிக்கறதில்ல. அதுக்காக டெக்னாலஜியே வேணாம்னு சொல்லல. கையால செய்ய முடியிறத கையாலயே செய்யணும், கைக்கு எட்டாததுக்குத்தான் ஸ்க்ரீன், இந்த ஒண்ண பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா அமையும்.

பெண்டுலம் பாடத்தையே எடுத்துக்கலாம். ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு நூல், ரெண்டு இரும்பு நட்டு, ஸ்கேல். நூல் கட்டின இடத்துல இருந்து நட்டோட நடு வரைக்கும் 1 மீட்டர் வர்ற மாதிரி கட்டி தொங்க விடுங்க. ரொம்ப இழுக்காம லேசா இழுத்து விட்டு, போயிட்டு திரும்பி வர்றத ஒண்ணுன்னு வச்சு 10 ஆட்டத்துக்கு எவ்ளோ நேரம்னு ஸ்டாப்வாட்ச்ல பார்க்கச் சொல்லுங்க, 20 செகண்ட் பக்கம் வரும். இப்ப நூல 50 சென்டிமீட்டர் ஆக்கினா எவ்ளோ வரும்னு கேளுங்க, ஆனா செய்றதுக்கு முன்னாடி பதிலை நோட்டுல எழுத வச்சிடணும், இதை மட்டும் விட்டுடாதீங்க. முக்கால்வாசி பேர் 10னு எழுதுவாங்க. செஞ்சு பார்த்தா 14 வரும். "சார் தப்பா எண்ணிட்டோம்"னு திரும்ப எண்ணுவாங்க, திரும்பவும் 14. கிளாஸ்ல உண்மையான கேள்வி பிறக்கிற இடம் இதுதான், உடனே ஃபார்முலாவ போர்டுல எழுதிடாதீங்க.

ரெண்டாவது நட்டையும் சேர்த்து வெயிட் கூடினா என்ன ஆகும்னு அடுத்து பாருங்க. கீழ தொங்க விட்டா நீளம் மாறிடும், பக்கத்துல ஒட்டினாப்ல கட்டணும். நேரம் மாறாது.

இதுக்கப்புறம்தான் ஸ்க்ரீன். நோபல் பரிசு வாங்கின கார்ல் வீமன் அமெரிக்காவுல கொலராடோ யுனிவர்சிட்டியில 2002ல ஆரம்பிச்ச ஃபெட் (PhET) சிமுலேஷன்ஸ்ல, அதாவது எக்ஸ்பெரிமென்ட்ட ஸ்க்ரீன்லயே செஞ்சு பார்க்கிற புரோகிராம்கள்ல, பெண்டுலம் லேப்னு ஒண்ணு இருக்கு, ஃப்ரீதான், ஃபைலா இறக்கி வச்சுக்கிட்டா நெட் இல்லாட்டியும் ஓடும். அதே 1 மீட்டர் பெண்டுலத்த அதுல நிலாவுக்கு கொண்டு போங்க, 10 ஆட்டத்துக்கு 49 செகண்ட் கிட்ட ஆகும். இத எந்த நூலை வச்சும் கிளாஸ்ல காட்ட முடியாது, ஆனா நிஜ பெண்டுலத்த கையில பிடிச்சு ஆட்டினவங்களுக்குத்தான் அந்த மெதுவான ஆட்டம் எவ்ளோ விசித்திரம்னு புரியும்.

கரன்ட் பாடத்துக்கும் இதே வரிசைதான். பேட்டரி, ஒயர், சின்ன பல்ப் முதல்ல கைக்கு வரட்டும். பல்ப் எரியாது, ஒயர் சரியா தொடாது, பேட்டரி வீக்கா இருக்கும், அந்த தேடல பசங்ககிட்ட இருந்து பிடுங்கிடாதீங்க. எரிஞ்சதுக்கப்புறம் சிமுலேஷன்ல எலக்ட்ரான் ஓடுறத காட்டுங்க, அது கண்ணுக்கே தெரியாத விஷயம் இல்லையா.

ஃபோன அளக்கிற கருவியாவும் வச்சுக்கலாம், பலருக்கு இது தோணறதே இல்ல. ஸ்லோ மோஷன்ல செகண்டுக்கு 240 ஃப்ரேம் எடுத்து சாதாரண 30 ஃப்ரேம் வேகத்துல ஓட்டினா எட்டு மடங்கு மெதுவா தெரியும், பந்து தரையில பட்டு நசுங்கறது வரைக்கும் பார்க்கலாம். ஜெர்மனியில இருக்கிற ஆஹென் யுனிவர்சிட்டியோட ஃபைஃபாக்ஸ் (phyphox) ஆப் ஃபோனுக்குள்ள இருக்கிற சென்ஸார்கள வச்சே வேகமாற்றம், சத்தம் எல்லாத்தையும் அளந்து கிராஃபா போட்டுக் குடுக்கும்.

ஆளுக்கொரு டேப் குடுக்காதீங்க, எல்லாரும் தனித்தனியா குனிஞ்சிடுவாங்க. நாலு பேருக்கு ஒண்ணு போதும், ஒருத்தர் ஆட்டறது, ஒருத்தர் எண்றது, ஒருத்தர் டைம் பார்க்கறது, ஒருத்தர் எழுதறதுன்னு மாத்தி மாத்தி. கைவேலை நடக்கும்போது டேப் கவிழ்ந்தே கிடக்கட்டும்.

கடைசி பத்து நிமிஷம் ஸ்க்ரீன ஆஃப் பண்ணிட்டு நூலை மட்டும் குடுத்து, 10 ஆட்டம் சரியா 10 செகண்ட்ல முடியணும், எவ்ளோ நீளம் வேணும்னு முடிவு பண்ணி ஒரே தடவைல கட்டிக் காட்டுங்கன்னு சொல்லுங்க. நேரம் பாதியாகணும்னா நீளம் கால்வாசி ஆகணும்னு 25 சென்டிமீட்டர் கிட்ட பிடிச்ச குரூப்புக்கு பாடம் ஏறிடுச்சு. நட்டோட நடுவ விட்டுட்டு முடிச்சு வரைக்கும் மட்டும் அளந்தவங்களுக்கு கொஞ்சம் தள்ளி வரும், எங்க தப்பாச்சுன்னு அவங்களே கண்டுபிடிக்கிற வரைக்கும் வாய திறக்காதீங்க.