குழாய் வழி உணவு: ஜெல் எங்கே இறுக வேண்டும்?

மூக்குக் குழாயிலோ, வயிற்றில் துளையிட்டுப் பொருத்திய குழாயிலோ உணவு வேகமாக இறங்கினால், அது இரைப்பையில் தங்காமல் சிறுகுடலுக்கு விரைந்து, இரத்தச் சர்க்கரையைத் திடீரென உயர்த்தக்கூடும்; வயிற்றுப்போக்கும் வரலாம். குழாயில் நீராக ஓடி, இரைப்பையில் மட்டும் ஜெல்லாக இறுகும் பொருளை உணவில் சேர்ப்பது இதைத் தணிக்கும் ஒரு வழி. ஆனால் எது எந்தச் சூட்டில் இறுகும் என்று அறியாமல் வீட்டில் எதையும் கலக்கவே கூடாது.

நாகூரில் நோன்புக் காலத்தில் காய்ச்சும் கடற்பாசி (அகர் அகர்) சுமார் 85 டிகிரி செல்சியஸில் கரைந்து, 40 டிகிரிக்குக் கீழே ஆறும்போது இறுகும். இறுகியபின் உடல் சூட்டில் உருகாது. மெல்லிய மூக்குக் குழாயில் அதை ஊற்றினால் ஆறும் வழியிலேயே அடைத்துக்கொள்ளும். ஜெலட்டினோ உடல் சூட்டில் உருகிவிடும் என்பதால் பயனில்லை. தாவர நாரிலிருந்து செய்யும் மெத்தில் செல்லுலோஸ் என்ற பொடி இவற்றுக்கு நேர்மாறாகக் குளிர்நீரில் கரைந்து, சூடேறும்போது இறுகுகிறது. சாதாரண வகைக்கு ஏறத்தாழ 50 டிகிரியாவது வேண்டும். 37 டிகிரியிலேயே இறுகும் தனி வகையும் உண்டு.

அத்தனி வகை சேர்ந்த உணவை மருத்துவர் குறித்துக் கொடுத்திருந்தால், டெல்டாவின் கத்திரி வெயிலை மனத்தில் கொள்ள வேண்டும். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் அந்நாட்களில் வெளிவெப்பம் 37 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். தகரக் கூரை வீட்டில் உணவுப் பையே இரைப்பையின் சூட்டை எட்டிவிடும், ஜெல்லும் பையிலேயே இறுகிவிடும். ஆகவே ஃபிரிட்ஜில் வைத்த உணவைக் கடுங்குளிர் தணிந்ததும், விடியலிலோ வெயில் தாழ்ந்த பிறகோ கொடுங்கள். பையைச் சன்னலோரம் மாட்டாதீர்கள்.

தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, மூக்கருகே குழாயில் இட்ட குறி நகரவில்லை என்று பார்த்த பின்பே தொடங்குங்கள். முதலில் 30 மில்லி நீர் விடுங்கள். பிறகு சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, உணவு தன் எடையாலேயே மெல்ல இறங்கும்படி பிடியுங்கள். 250 மில்லிக்கு அரைமணி நேரமாவது ஆகட்டும். முடிவில் மீண்டும் 30 மில்லி நீர் விட வேண்டும். பழக்கத்தில் வெந்நீரை ஊற்றிவிடுவோர் பலர். இவ்வுணவுக்கு அதுவே அடைப்பை உண்டாக்கும், ஆறவைத்த நீர்தான் சரி. அடைத்தால் அழுத்தித் தள்ளாமல் செவிலியரை அழையுங்கள். இருமலோ வயிற்று உப்புசமோ கண்டால் உடனே நிறுத்துங்கள். உணவு முடிந்தபின் ஒரு மணி நேரம் நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள்.

இன்சுலின் போடுபவருக்கு உணவு மெதுவாகச் சேரும்போது, வழக்கமான நேரத்து ஊசியே சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடக்கூடும். எனவே ஜெல் உணவைத் தொடங்கும் நாளுக்கு முன்பே ஊசியின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.