பனையைப் பார்த்து வரையப் பழகுதல்: புதியவர்களுக்கு

யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியால் பளை, முகமாலைப் பக்கம் போனவர்களுக்கு மொட்டைப் பனைகளைத் தெரியும். போரில் எறிகணை பட்டு, ஓலைகள் நிற்கும் தலைப்பகுதியான வட்டு போய், அடிமரம் மட்டும் எஞ்சியவை. எங்கள் வளவிலும் ஒன்று நின்றது. நான் வரையப் பழகியது அதைப் பார்த்துத்தான். தொடங்கும்போதே முகம் வரைய ஆசைப்படாதீர்கள். முதலில் ஒரு மொட்டைப் பனையின் முன் போய் இருங்கள்.

2பி ஒன்று, அதைவிடக் கறுப்பான 6பி ஒன்று, இரண்டு பென்சில் போதும். பன்னிரண்டு பென்சில் பெட்டி வீண் செலவு. காரீயத்தோடு சேர்க்கும் களிமண் கூடினால் கோடு வெளிறும், குறைந்தால் கறுக்கும். பாடசாலைக்கு வாங்கும் எச்பியால் பனையின் கருமையை எட்டவே முடியாது. திருகிச் சீவும் கட்டரை விட்டுவிட்டு பிளேட்டால் சீவுங்கள். முனை ஒரு சென்ரிமீற்றர் வெளியே தெரிந்தால்தான் சாய்த்துப் பிடித்து நிழல் போடலாம். தாளுக்கு, பிரதி எடுக்கும் சாதாரண 80 கிராம் ஏ4 பழகப் போதும்.

காலை எட்டு மணிக்கு முன், அல்லது மாலை நான்குக்குப் பின் போங்கள். உச்சி வெயிலில் மரத்தின் நிழற்பக்கம் தெளிவாகப் பிரியாது.

அடிமரத்துக்கு இரண்டு கோடு, அடியில் சற்றுப் பருமன், குறுக்கே மட்டை விழுந்த தழும்புகள். நிழலில் ஒன்றைக் கவனியுங்கள். மிகக் கருமையான இடம் மரத்தின் ஓரத்தில் இராது, ஓரத்துக்குச் சற்று உள்ளே இருக்கும். மணலில் பட்ட வெயில் திரும்பி வந்து அந்த ஓரத்தை மெல்ல வெளுப்பாக்குகிறது. அந்த மெல்லிய வெளுப்பை விட்டுவைத்த அன்றுதான் என் தாளில் மரம் முதன்முதலாக உருண்டு நின்றது.

அடுத்து, வட்டுள்ள பனை. இங்கேதான் நான் மாதக்கணக்கில் சிக்கி நின்றேன். எத்தனை முறை வரைந்தாலும் வட்டு பெருத்து, மரம் குட்டையாகிவிடும். காரணம் அளவு. ஒரு கண்ணை மூடி, கையை முழுவதும் நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். பென்சில் நுனி வட்டின் உச்சியில், பெருவிரல் நகம் வட்டின் அடியில். அந்த அளவு நிலம் வரை எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணுங்கள். எங்கள் வேலியோரப் பனையில் வட்டையும் சேர்த்து ஐந்து முறை வந்தது. நானோ அதுவரை மூன்றாகவே வரைந்துகொண்டிருந்தேன்.

இந்த முறையை அறிந்த பிறகும் எனக்குப் பிழைத்தது. எண்ணும்போது என் முழங்கை சற்று மடங்கிவிடும். பென்சில் கண்ணுக்கு அருகில் வந்தால் அதே நீளம் கூடுதலாக மறைக்கும், எண்ணிக்கை குறைந்துவிடும். முழங்கையைப் பூட்டியதுபோல் வையுங்கள். இருந்தபடி அளந்தால் எழும்பாமல் இருந்தே வரையுங்கள்.

ஓலைகளில் எல்லோரும் ஒரே பிழையைச் செய்கிறோம். பனையோலை விசிறி என்று மனம் அறிந்திருப்பதால் எல்லா ஓலையையும் விரித்த விசிறியாகவே போடுகிறோம். நம்மை நோக்கி நீளும் ஓலை கண்ணுக்கு ஒடுங்கிய இலைபோல்தான் தெரியும், அதன் மட்டை ஏறத்தாழ மறைந்துவிடும். ஆகவே ஓலையை விட்டுவிட்டு இடையில் தெரியும் வானத்துண்டுகளை வரையுங்கள். ஒன்று முக்கோணமாக இருக்கும், ஒன்று கிழிந்த துணிபோல் இருக்கும். நாலைந்து துண்டுகளைச் சரியான இடத்தில் வைத்து மற்றதை 6பியால் நிரப்பினால் வட்டு தானாக வந்துவிடும். ஓலை விரல்களை வெளி விளிம்பில் மட்டும் தீட்டுங்கள். கீழே காய்ந்து தொங்கும் காவோலையை மறக்காதீர்கள். அது இல்லாத பனை அலங்கரித்த பனைபோல் இருக்கிறது.

பின்னர் சேர்த்தது: கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால் மரம் மேலே ஒடுங்கிப் போகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். மரத்தடியில் நின்று கைபேசியை அண்ணாந்து பிடித்தால் அப்படித்தான் வரும். மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரமாவது தள்ளி நின்று எடுங்கள்.

சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக் காற்றில் ஓலை நிற்பதே இல்லையே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அந்த மாதங்களில் விடிந்தவுடன் போங்கள். அப்போதும் காற்று நிற்காவிட்டால், அதிகம் அசையாத அடிமரத்தையும் மட்டைகளையும் முதலில் முடித்துவிடுங்கள். பிறகு பென்சிலைத் தாளின்மேல் வைத்தபடி காத்திருங்கள். காற்று அடங்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு வானத்துண்டு பிடிக்கலாம்.