வெளிநாட்டில் படிக்க வேண்டுமா? ஏன் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

வெளிநாட்டில் படிக்க விரும்பும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த நாடு நல்லது?" என்றுதான். "நீ எதற்காகப் போகிறாய்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் நாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஒரு தாளை எடுத்து மனதில் உள்ள காரணங்களை எல்லாம் எழுதுங்கள். கூட்டாளிகள் போகிறார்கள் என்பதுதான் உண்மை என்றால் அதையும் எழுதுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை. என் தாளில் ஏழு இருந்தன. நல்ல வேலை, பேர்பெற்ற பல்கலைக்கழகம், தனியாக வாழ்வது, ஊர் சுற்றுவது என்பது போல ஆறு வரிகள் பேனாவில். ஏழாவது மட்டும் ஓரத்தில் பென்சிலில்: "புரதத்தின் வடிவத்தை நானே படம் எடுக்க வேண்டும்."

அப்புறம் ஒவ்வொரு வரியையும், "இதற்கு அங்கே போய்த்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். என் ஆறு வரிகளும் அடிபட்டுப் போயின. பென்சில் வரி நின்றது. புரதம் போன்றவற்றை உறைய வைத்துப் படம் எடுக்கும் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பற்றிப் பாடத்தில் படித்திருந்தேன். துளியிலும் துளியான மாதிரியைத் திரவ ஈத்தேனில் சட்டென்று முக்கினால், நீர் பனிப்படிகமாக நேரமில்லாமல் கண்ணாடி போல உறைந்துவிடும். இதை வளர்த்தெடுத்த மூவருக்கு 2017இல் வேதியியல் நோபல் கிடைத்தது. எனக்கோ படத்தில் பார்த்ததோடு சரி.

மிஞ்சிய காரணத்தை ஒரு கேள்வியாக மாற்றி, நீங்கள் நினைத்திருக்கும் பல்கலைக்கழகங்களில் இப்போது படிக்கும் மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "முதுகலை மாணவரை அந்தக் கருவியில் உட்கார விடுவார்களா?" என்று நான் கேட்டேன். தரவரிசையில் மேலே இருந்த ஒரு இடத்திலிருந்து, "எங்களுக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி" என்று பதில் வந்தது. அன்றே அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

உங்கள் காரணம் வேறாக இருக்கலாம். வேறொரு வகுப்பறையை அனுபவிப்பதுதான் ஆசை என்றால் முழுப் பட்டமும் அங்கே படிக்க வேண்டியதில்லை, ஒரு பருவம் (செமஸ்டர்) மட்டும் அங்கே படித்துவிட்டுத் திரும்பும் மாணவர் பரிமாற்றமே போதும். படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற புள்ளிகளில் சொல்வார்கள்; ஐரோப்பியக் கணக்கில் ஓராண்டுக்கு 60 கிரெடிட், ஒரு பருவத்துக்கு 30. அவற்றை ஏற்றுக்கொள்வதாக உங்கள் துறையிடம் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். செலவு குறைவு என்று ஜெர்மனியைப் பார்க்கிறீர்களா? அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லைதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை விசாவுக்கு முன்பே காட்டவும் வேண்டும்.

எஸ்ஓபி, அதாவது ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை, எழுதும்போது "சிறு வயதிலிருந்தே ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள். தாளில் மிஞ்சிய வரியிலிருந்தே ஆரம்பியுங்கள்.

கடைசியாக, எழுதிய எஸ்ஓபியை உங்கள் துறையே தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். நான் அம்மாவிடம் வாசித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, படம் எடுத்துவிட்டாய். அப்புறம்?" என்றார். அதற்கு என் தாளில் பதில் இல்லை. யோசித்து எழுத ஒரு வாரம் ஆனது. எஸ்ஓபியின் கடைசிப் பத்தியாக அதைத்தான் வைத்தேன்.